குறைந்த விலை: பூஜ்யம்

மூன்று கோட்டேஷன்களும் பூஜ்யம் என்று வந்து நின்றால் எதைக் குறைந்த விலை என்று எடுப்பது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்ட மனிதருக்கு இதுதான் தலைபோகிற கவலை. கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவர் அவர். இப்படி ஒரு சிக்கல் அவருடைய சர்வீசிலேயே வந்ததில்லை.

இத்தனைக்கும் காலையில் பிரச்சினை கடுகளவுதான் இருந்தது. அவர் மனைவி கம்ப்யூட்டரைத் திறந்தபோது, ஃபோல்டர் படங்களின் மூலையில் குட்டிக் குட்டியாய் அம்புக்குறி முளைத்திருந்தது. ஒன்றைச் சொடுக்கினால் திறந்தது, இன்னொன்று அசைந்தே கொடுக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அது வைரஸ்க்கா. ஒரு ஆன்டிவைரஸ் போட்டா சரியாயிடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசமாவே கிடைக்குது" என்றான் தம்பி.

அவன் செய்த ஒரே தப்பு, அந்த 'இலவசமாவே'யை அத்தான் காதில் விழும்படி ஸ்பீக்கரில் சொன்னது. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தான், செருப்பில் ஒரு காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஆபீசில் அவருக்குக் கோட்டேஷன் என்று பெயர். மூன்று பெயர்களைப் பரிசீலித்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்களாம். மற்ற இரண்டையும் அச்சில் போட முடியாது.

எந்தக் கோப்பு வந்தாலும் அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவர் படிப்பதில்லை. அது கேட்கிறவர்கள் பாடு. நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய்க் கோட்டேஷன்களை எண்ணுவார். மூன்று இருந்தால் கையெழுத்து. குறைந்தால், 'மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது.' அந்தச் சாமான் ஊரிலேயே ஒரே கடையில்தான் கிடைக்கும் என்று கையைப் பிசைந்தாலும் அவர் அசைய மாட்டார். 'எங்களிடம் அது இல்லை' என்று வேறு இரண்டு கடைகளில் எழுதி வாங்கி இணைக்கச் சொல்வார். இல்லாத சாமானை இல்லை என்று எழுதித்தர எந்தக் கடைக்காரருக்குப் பொழுது இருக்கிறது? இப்படி அவர் மேஜையிலிருந்து சுவரில் அடித்த பந்தாகத் திரும்பிப் போனவற்றில் மேலாளர் கேட்ட நாற்காலி, கணினிப் பிரிவு கேட்ட ஏதோ ஒரு உரிமப் புதுப்பிப்பு, கழிவறைக்குக் கேட்ட கதவு எல்லாம் அடக்கம். கழிவறைக் கதவு விஷயத்தில் அவருமே கொஞ்சம் சிரமப்பட்டார். அதற்காகக் கொள்கையை விட்டுவிட முடியுமா?

வீட்டிலும் அதே சட்டம்தான். போன வாரம் குக்கர் வாங்கக்கூட, ஆபீசிலிருந்து ஒப்பீட்டுப் பட்டியலின் படிவத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து, மூன்று குக்கர்களின் மூடி, கைப்பிடி, விசில் எல்லாவற்றையும் கட்டம் கட்டி எழுதிவிட்டுத்தான் வாங்கினார். அது இப்போது அழுத்தமே இல்லாமல் பெருமூச்சு விடுகிறது. கல்யாணத்துக்கு முன்னாலும் மனிதர் மூன்று இடம் பார்த்தவர் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. "அதுல நான் எத்தனாவது கோட்டேஷன்?" என்று மனைவி கேட்கும்போது மட்டும் அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

மனைவி குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவள். வாரப் பத்திரிகை ஒன்றில் பெயர் இல்லாமலே வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தவளைத் தேடி, புத்தகமாகவே போடுகிறோம் என்று ஒரு பதிப்பகம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை எல்லாப் புதிர்களையும் அனுப்பியாக வேண்டும். தவறினால் இந்த முறை இடமில்லை, அடுத்த முறைக்கு உத்தரவாதமும் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அட்டையில் பெயர் வரப்போவதை அவள் அக்கம்பக்கத்தில் தம்பட்டம் அடிக்கவில்லை. ஆனால் அடுப்படியில் தனியாக நிற்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். அத்தனை புதிரும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

நகல் ஒன்றும் இருந்தது. வீட்டிலிருந்த ஒரே பென் டிரைவில் வைத்திருந்தாள். அது ஏதோ ஒரு கம்பெனி தன் பெருமையை அளந்துவிட்டுப் போன கூட்டத்தில் அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. ஆபீஸ் படிவங்களுக்கு இடம் போதவில்லை என்று அவர்தான் அதைத் துடைத்துக் காலி செய்தார். இன்னொன்று வாங்கலாமே என்று அவள் கேட்டாள். வாங்கலாம்தான், மூன்று கடை ஏறி இறங்க வேண்டும் என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"முனைக் கம்ப்யூட்டர் கடையில காசு குடுத்தே ஆன்டிவைரஸ் ஒண்ணு வாங்கிடலாங்க. எனக்குத் திங்கட்கிழமைக்குள்ள வேலை முடியணும்" என்று அவள் அன்று சாயங்காலமும் சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா கிடைக்கிறதைக் காசு குடுத்து வாங்கினா ஊர் என்ன சொல்லும்?"

"வேலை முடிஞ்சுதுன்னு சொல்லும்."

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. பென் டிரைவைச் செருகி, ஒப்பீட்டுப் பட்டியலைத் திறந்தார்.

இணையத்தில் தேடியதில் மூன்று தேறின. பெயர்கள் வாயில் நுழையாததால் சின்னத்தை வைத்தே கூப்பிட்டார்: கேடயம், ஆந்தை, பூட்டு. மூன்றுமே உலகத்தில் முதலிடம் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்டன. முதலிடத்தில் இவ்வளவு நெரிசல் இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. விலை என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வரியும் பூஜ்யம். கொண்டுவந்து இறக்கும் கூலியும் பூஜ்யம். கூடுதல் தள்ளுபடி உண்டா என்று மூன்று பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஆந்தை மட்டும் பதில் போட்டது, தானாக அனுப்பப்படும் நன்றிக் கடிதம்.

மச்சினனைக் கேட்டார். "ஏதாவது ஒண்ணைப் போடுங்க அத்தான். ஆனா ஒண்ணுதான் போடணும்" என்றான் அவன்.

ஏதாவது ஒன்றாம்! ஊழலின் முதல் படியே இந்த 'ஏதாவது ஒன்று'தான் என்று அவர் போனை வைத்த பிறகு மனைவியிடம் விளக்கினார். விலை சமமாக இருந்தால் தொழில்நுட்பச் சோதனை நடத்த வேண்டும். சோதனை என்றால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே நிபந்தனையில். ஆக மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

ஏற்றும்போது ஒவ்வொன்றும் வழியில் நிறுத்திச் சின்னச் சின்னச் சதுரங்களைக் காட்டியது. இதுவும் வேண்டுமா, அதுவும் வேண்டுமா, முகப்புப் பக்கத்தை மாற்றட்டுமா என்று கேள்வி. ஆபீசில் ஒரு சதுரம் டிக் இல்லாமல் காலியாக இருந்தால் அந்தப் படிவம் செல்லாது. காலிச் சதுரத்தைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். அத்தனைக்கும் டிக் போட்டார். இலவசத்துக்கு இலவசமாக என்னென்னவோ வந்து இறங்கின. கம்ப்யூட்டரை வேகப்படுத்தும் கருவி ஒன்று வந்தது. வந்த நிமிஷத்திலிருந்து வேகம் பாதியானது. எங்கோ பனி கொட்டும் ஊர் ஒன்றின் தட்பவெப்பம் மூலையில் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாகத் திரையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் ஒரு பூனை.

"இந்தப் பூனையை யாரு கேட்டா?" என்றாள் மனைவி.

"அதுக்கு எதுவும் கட்ட வேண்டாம்" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

சனிக்கிழமை காலை சோதனை தொடங்கியது. மூன்று மாப்பிள்ளைகளை ஒரே வீட்டில் ஒரே நாளில் விருந்துக்கு அழைத்த கதைதான். கேடயம் கண்ணைத் திறந்ததும், ஆபத்தான இரண்டு பேர் வீட்டுக்குள் புகுந்திருப்பதாக அலறியது. யாரென்று பார்த்தால் ஆந்தையும் பூட்டும். ஆந்தை, கேடயத்தைச் சந்தேகப் பேர்வழி என்றது. பூட்டு எதுவும் சொல்லாமல் மற்ற இரண்டையும் கட்டிப்போடப் பார்த்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி, மாவு மில் மாதிரி இரைந்தது. நிஜமான வைரஸ் எங்கோ ஒரு மூலையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் மனைவி புதிர் ஒன்றைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தாள். கடைசியில் திறந்தது. கட்டங்களின் மேல் பூனை வந்து படுத்துக்கொண்டது.

"ஏங்க, என் வேலையை நான் முடிக்க வேண்டாமா? இந்த மூணையும் தூக்கிட்டுப் பழையபடியாவது வைங்க. அம்புக்குறியோடயே நான் சமாளிச்சுக்கறேன்."

"பாதியில நிறுத்தினா தணிக்கையில கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டில் ஏது தணிக்கை? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது தணிக்கை வந்தேவிட்டது போலத்தான் இருந்தது.

சரி, தேர்வை முடித்துவிடுவோம் என்று கேடயத்தையும் ஆந்தையையும் வெளியேற்ற முடிவு செய்தார். அதிகம் சத்தம் போடாத பூட்டுக்கே ஒப்பந்தம். கேடயம் மரியாதையாகப் போய்விட்டது. ஆந்தை போகவில்லை. 'எங்களை விட்டுப் பிரிய உங்களுக்கு உண்மையிலேயே மனம் வருகிறதா?' என்று கண்ணீர்த் துளி வரைந்து கேட்டது. ஆம் என்றார். 'எங்களிடம் என்ன குறை கண்டீர்கள்?' என்று ஒரு காலிப் பெட்டியைக் காட்டியது. அவர் அதில், 'தங்கள் நிறுவனத்தின் விலைப்புள்ளி கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. எனினும் தற்போது தங்கள் சேவை தேவைப்படவில்லை என வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது' என்று அடித்து அனுப்பினார். ஆந்தை நன்றி சொல்லி, போகிற போக்கில் இரண்டாவதாக ஒரு பூனையை விட்டுப் போனது.

ஆனால் பூட்டைக் குறை சொல்லக் கூடாது. தனியாக விட்டதும் பொறுப்பாக வேலை பார்த்தது. ஒரு சுற்றுச் சோதித்து முடித்ததும் அம்புக்குறிகள் எல்லாம் போய், ஃபோல்டர்கள் பழையபடி துடைத்து வைத்த மாதிரி நின்றன. புதிர்கள் திறந்தன. மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா? பைசா செலவில்லை."

"சரிங்க, நல்லது. எழுந்திருங்க, நான் வேலையைப் பாக்கறேன்."

"இரு, ஒரு நிமிஷம். முடிவைப் பதிவு பண்ணிடறேன்."

அங்கேதான் விதி விளையாடியது. ஒப்பீட்டுப் பட்டியலில் 'தேர்வு செய்யப்பட்டது: பூட்டு. செயல்பாடு: திருப்திகரம்' என்று எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பென் டிரைவைச் செருகினார். மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. பென் டிரைவைச் சோதிக்கும் வசதி வேண்டுமானால் பணம் கட்டும் பதிப்புக்கு மாறவும் என்றது. "பாத்தியா, மெல்ல மெல்லக் கையை நீட்டறான்" என்று அதை மூடினார். திருப்திகரம் என்று அடித்து முடித்து நிமிர்ந்தால், திரை முழுக்க மறுபடியும் அம்புக்குறி.

இந்தத் தடவை பூட்டுக்கும் பொறுமை போயிருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான பொருள்கள் என்று ஒரு நீளமான வரிசையைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதுரம் வைத்து, இவற்றை நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்டது. வரிசையில் மனைவியின் புதிர் ஃபோல்டர்களின் பெயர்களும் இருந்தன. அவர் எங்கே படித்தார்? படிக்கிற பழக்கம்தான் இல்லையே. அத்தனையும் காலிச் சதுரங்கள். வரிசையாக டிக், டிக், டிக். கடைசியில் சம்மதம்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புதிர் ஃபோல்டர் இருந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு பூனைகள் மட்டும் அங்கே உலாத்திக்கொண்டிருந்தன.

"எங்கே?" என்றாள்.

அவர் தேடினார். குப்பைத் தொட்டியில் தேடினார், அதற்குள்ளும் இல்லை. மச்சினனுக்குப் போன் போட்டார். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டதற்குச் சம்மதம் கொடுத்தீர்களா அத்தான் என்று அவன் கேட்டான். ஆமாம் என்றார். "அக்காகிட்டப் போனைக் குடுங்க" என்றான். அக்கா வாங்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சமாளித்துப் பழக்கம் உண்டு. அவள் கத்தவில்லை. மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத்தாள், ஸ்கேல், பென்சில் எடுத்துவந்து, ஞாபகத்திலிருந்து கட்டம் போட ஆரம்பித்தாள். வருஷக்கணக்கான வேலை. ஒரே ஒரு நாளில், ஞாபகத்திலிருந்து. மூன்றாவது கட்டத்திலேயே ரப்பரைத் தேடினாள்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை. பென்சில் சீவிக் கொடுத்தார். எடுத்துக்கொண்டாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், அதன் மறுமுனையில் ஒருவர் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இப்போதும் தோன்றியது என்று சொல்ல முடியாது. தன் மனைவி அழுகையை அடக்கிக்கொண்டு கட்டம் போடுகிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. அதுவே தாங்கவில்லை.

"மூணெழுத்து. சும்மா கிடைப்பது" என்றாள் திடீரென்று.

அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"தொல்லை" என்று விடையையும் அவளே சொன்னாள். கொஞ்சம் கழித்து, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "முதல் தடவையா என் பேரு ஒரு அட்டையில வர இருந்துச்சுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வாழ்க்கையில் இதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். ஒரே ஒரு கடைக்குப் போவது என்று முடிவெடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, குளித்த பிள்ளையைச் சுற்றுவதுபோலத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரின் பின்னால் மனைவி மடியில் வைத்தார். வழியில் வேறு இரண்டு கம்ப்யூட்டர் கடைகள் திறந்திருந்தன. பழக்க தோஷம், கழுத்து தானாகத் திரும்பியது.

"நேரா ஓட்டுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நேராக ஓட்டினார்.

முனைக் கடைக்காரம்மா கலகலப்பான மனுஷி. கொண்டைக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் யாருடையதோ ஒரு கம்ப்யூட்டரின் குடலுமாக நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் கடை நிறையப் பெட்டிகள் வரிசையில் இருந்தன. பெஞ்சில், போர்வையில் சுற்றிய ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு அவருடைய ஆபீசின் தட்டச்சர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்களுமா?" என்று அந்த அம்மா எழுந்து நின்றார்.

தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது ஒரு நிமிஷம் மறந்துபோய், கோட்டேஷனுக்கு அதிகாரி மிடுக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டரை வைத்துக்கொள்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா, கண்டதைத் திறந்தால் கண்டது வரத்தானே செய்யும் என்று அந்த அம்மாவுக்கு வகுப்பெடுத்தார். தட்டச்சர் அம்மா, "ஆமா சார்" என்று சொல்லிவிட்டுத் தன் போர்வையைப் பார்த்துக்கொண்டார்.

கடைக்காரம்மா பெட்டியை மாட்டினாள். இரண்டு பூனைகளும் வந்து வணக்கம் சொல்லின. "ஐயோ, ஜோடியா வளக்கறீங்களா?" என்று சிரித்தபடி எதையோ தட்டினாள். பூனைகள் போயின. பனி கொட்டும் ஊர் போனது. வேகப்படுத்தும் கருவி போனதும் வேகம் வந்தது.

"அம்புக்குறி வந்துச்சா? அதை அழிச்சதும் எல்லாம் காணாமப் போச்சா?"

மனைவி தலையை ஆட்டினாள்.

"எதுவும் போகலைம்மா. இந்த வைரஸ் நிஜ ஃபோல்டரை ஒளிச்சு வச்சுட்டு, அம்பு போட்ட போலியை வெளியில நிறுத்தும். நீங்க அழிச்சது போலியை." இன்னும் நாலு தட்டு. காலியாக இருந்த இடத்தில் புதிர் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாக் கட்டமும், எல்லாக் குறிப்பும் அப்படியே இருந்தன. கடைசிப் புதிரைத் திறந்தபோது கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இங்கேயிருந்தே அனுப்பிடலாமா?" என்று கேட்டாள். கடைக்காரம்மா நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். பதிப்பகத்துக்குப் புதிர்கள் போய்ச் சேர்ந்தன. பெற்றுக்கொண்டோம், நன்றி என்று பதிலும் வந்தது. மனைவி அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அதற்குள் கடைக்காரம்மா, விலை கொடுத்து வாங்குகிற ஆன்டிவைரஸ் ஒன்றை ஏற்றி முடித்திருந்தாள். கோட்டேஷன் விலையைக் கேட்காமல் பர்ஸை எடுத்து நீட்டினார். மனைவி அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். வீட்டுக்குப் போய் ஒரு காப்பி கிடைக்கும் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

அந்த மட்டில் வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மனிதருக்கு உயிர் திரும்பியதும் அதிகாரமும் திரும்பிவிட்டது. இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்று நின்றார். மனைவி இணையத்தில் அகராதி, பழமொழி என்று தேடுவாள், அதில் ஏதாவது வந்திருக்கும் என்று தன் சந்தேகத்தையும் சபையில் வைத்தார். மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். காப்பி கைநழுவிப் போயிற்று.

"பென் டிரைவ் ஏதாவது போடுவீங்களா?" என்றாள் கடைக்காரம்மா.

"இது ஆபீசுக்கும் வீட்டுக்குமா நான் கொண்டுபோறது. இது சுத்தமா இருக்கும்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவள் செருகினாள். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ், கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாமல் கூவியது. திரை சிவந்தது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆபீஸ்னா எது சார்? தோ, இந்த அம்மா வேலை பாக்கற ஆபீசா?"

"அதேதான்."

கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பெஞ்சில் தட்டச்சர் அம்மாவுக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது. இருமிக்கொண்டே கடைக்காரம்மாவைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைக் காட்டினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, வரிசையில் இருந்த பெட்டிகளைக் காட்டினாள்.

"இது பூராவும் அந்த ஆபீஸ்காரங்க வீட்டுப் பெட்டிதான் சார். அங்க உள்ள எல்லா மெஷின்லயும் இந்த வைரஸ்தான் குடித்தனம் நடத்துது. ஆளாளுக்குப் பென் டிரைவ்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க."

"ஏன், அங்க ஆன்டிவைரஸ் இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

கடைக்காரம்மா பென் டிரைவைத் துடைத்து, பவ்யமாக இரண்டு கையாலும் கோட்டேஷனிடம் நீட்டினாள்.

"இந்த ஊர்ல அதை விக்கிறது என் கடை ஒண்ணுதாம்மா. உரிமம் முடிஞ்சுபோச்சு, புதுப்பிச்சுக்குங்கன்னு நான் குடுக்கற ஒரே கோட்டேஷனை, மீதி ரெண்டு எங்கேன்னு கேட்டு வருஷக்கணக்காத் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்காராமே அங்க ஒரு மகராசன், அவரு புண்ணியத்துலதான் ஞாயித்துக்கிழமைகூட என் கடை ஓடுது. பாத்தா என் வணக்கத்தைச் சொல்லுங்க சார்."